பிரசவத்துக்கு முன் டாக்டரை மாற்றலாமா? எல்லையோரப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் நின்றால் ஒரு பக்கம் பாலக்காடு. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளம் வழியாகப் போனால் கோவை. மூன்று திசையிலும் ஆஸ்பத்திரி இருப்பதாலேயே எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு குழப்பம். "அக்கா, டாக்டரம்மா எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாங்க, மாத்திடட்டுமா?" என்று கேட்டு வருகிறார்கள். நான் 29-ஆம் வாரத்தில் மாற்றியவள். நான் செய்ததையும், செய்யாமல் விட்டு அவதிப்பட்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 108. டாக்டரை மாற்றும் பேச்சையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: குறையை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள், நர்ஸ் சிடுசிடுத்தார் என்பதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் அதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை என்றால் அது வேறு.

எனக்கு 28-ஆம் வாரத்தில், "ஆபரேஷன்தான், தேதி குறிச்சுக்கலாம்" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்தவர் ஃபைலை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் ஸ்கேன் ரிப்போர்ட், பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் போட்டிருந்தது. சிசேரியன் தேவைப்படும் நேரம் நிச்சயமாக உண்டு. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் ஆபரேஷன்தான் வழி. அப்படிக் காரணம் இருந்தால் அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அந்த இரண்டு வாக்கியத்தைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

படி 2: அதே டாக்டரிடம் இன்னொரு முறை

கணவரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு, எழுதிய கேள்விகளோடு போங்கள். கூட்டம் குறைவான நாளாகப் பாருங்கள். பாதிப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை.

படி 3: வாரத்தை எண்ணுங்கள்

மாற்றுவதென்றால் சீக்கிரம் மாற்றுவது நல்லது. மாற்றும் அவசரத்தில் பரிசோதனை எதுவும் விட்டுப்போகக் கூடாது. குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள், சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28-க்குள். உங்கள் ரத்தம் நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்து ஆன்டி-டி ஊசியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போவதும் டாக்டரை மாற்றுவதுதான். யாரும் அதை அப்படி நினைப்பதில்லை. வளையலும் பலகாரமும் காரில் ஏறிவிடும், ஃபைல் மாமியார் வீட்டுப் பீரோவில் தங்கிவிடும்.

படி 4: எல்லைக் கணக்கு

ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருவீர்கள்? பகலில் ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். ராத்திரியில் டாக்டர் அங்கேயே இருப்பாரா, ரத்தம் கிடைக்குமா, குழந்தைகள் டாக்டர் உண்டா என்று கேளுங்கள். கட்டடத்தின் அழகைவிட இந்த மூன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

அடுத்தது பேச்சு. பாலக்காட்டில் பெரும்பாலோருக்குத் தமிழ் புரியும். ஆனால் தென் கேரளத்திலிருந்து புதிதாக வந்த நர்ஸ் "வேதன உண்டோ?" என்றால், மனசில் கவலையா என்று கேட்கவில்லை, உடம்பு வலியைக் கேட்கிறார். "வெள்ளம் போயோ?" என்றால் பனிக்குடம் உடைந்ததா என்று அர்த்தம். நாம் "வலிக்குது" என்றால் அவர் காதில் இழுக்கிறது என்பதுபோல விழும். இந்த மூன்று சொல்லையும் கூட வருகிறவருக்கும் சொல்லி வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் குழந்தை பிறக்கும் இடத்தில்தான் பதிவாகும். 21 நாளுக்குள் பதிய வேண்டும். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி என்றால் பிக்மி எண் (அங்கே கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண்) கேட்பார்கள். கேரளத்தில் கர்ப்பத்தைப் பதிந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே அங்கே விசாரித்துவிடுங்கள்.

படி 5: புதிய இடம் உறுதியான பிறகே பழையதை விடுங்கள்

கடைசி மாதங்களில் வருகிறவர்களைச் சில இடங்களில் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலோடு போய் ஒருமுறை பாருங்கள். படி 1-ல் எழுதிய கேள்வியையே அங்கேயும் கேளுங்கள். எனக்குப் புதிய டாக்டர் பேப்பரில் படம் போட்டு, குழந்தையின் தலை எப்படி இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது என்று சொன்னார். ஆபரேஷன் வராது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் ஃபைல். பழைய இடத்தில் "டாக்டர் கையெழுத்து வேணும்" என்று மூன்று முறை அலைய வைத்தார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். நான் நாலாவது தடவை அப்படித்தான் வாங்கினேன். சண்டை வேண்டாம், நடுராத்திரியில் அதே வாசலுக்குப் போக நேரலாம்.

கடைசியாக, உங்கள் ஊர் ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் எந்த ஆஸ்பத்திரிக்கு மாறினீர்கள் என்று சொல்லுங்கள். தாய் சேய் அட்டையையும் ஃபைலையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.