ஷியானின் சுடுமண் சிலைகள்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படையைப் பார்க்க ஷியான் நகரத்துக்குப் போகிறவர்கள், சிலைகளைத் தோண்டியெடுத்த குழிகளில் நேராக 1-ம் குழிக்குள் நுழைந்து, கூட்ட நெரிசலில் பத்துப் படம் எடுத்துக் களைத்துப்போய், மற்ற குழிகளை ஓட்டமாக முடித்துவிடுவார்கள். 1-ம் குழி 230 மீட்டர் நீளம். நாம் நிற்பது மேலே, விளிம்பில். முகங்களோ கீழே, தள்ளி. 8 மடங்கு பைனாகுலர் ஒன்று இருந்தால் மீசையின் முறுக்கும் கொண்டை முடிச்சும் தெரியும். செல்போன் ஜூம் அதற்கு ஈடாகாது.

கண்ணாடிப் பெட்டியில் மண்டியிட்ட வில்வீரன் இருந்தால், முன்னால் மட்டும் நின்று பார்த்துவிட்டு நகராதீர்கள். பின்னால் போய், மடக்கிய காலின் செருப்பு அடிப்பாகத்தைப் பாருங்கள். தையல் புள்ளிகள் விரல் பக்கமும் குதிகாலிலும் நெருக்கமாக, நடுவில் இடைவெளி விட்டு இருக்கும். தேயும் இடத்தில்தானே தையல் அதிகம் வேண்டும்!

மண்ணின் சாம்பல் நிறமே அசல் என்று நினைப்பது இன்னொரு தவறு. சுட்ட மண்மேல் முதலில் மரப்பாலில் செய்த அரக்கு. அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா வண்ணங்கள். 2,200 ஆண்டு ஈரத்தில் ஊறிய அந்த அரக்கு, தோண்டியெடுத்ததும் காய்ந்த காற்றுப் பட்டுச் சில நிமிடங்களில் சுருண்டு உரியும். வண்ணமும் கூடவே போய்விடும். இப்போது தோண்டும்போதே ஈரம் காத்து, அரக்கை நிலைப்படுத்தும் மருந்து பூசுகிறார்கள்.

முகங்கள் எல்லாம் நிஜ வீரர்களின் அச்சு அசல் என்று வழிகாட்டி சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். அடிப்படை முகம் அச்சில் வார்த்தது. காது, மீசை, புருவத்தைக் கையால் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். தலையைத் தனியாகச் செய்து கழுத்துக்குள் செருகியிருப்பார்கள்.

கையில்லாத சிலையெல்லாம் உடைந்தது என்று முடிவுகட்டுவதும் தவறு. விமான நிலையச் சாலைப் பக்கமுள்ள ஹான் யாங்லிங் என்ற சமாதி வளாகத்தில், கி.மு. 141-ல் இறந்த ஹான் வம்சத்து ஜிங் பேரரசரின் குழிகளைக் கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்க்கலாம். அங்குள்ள சுமார் 60 செ.மீ. உருவங்கள் கையின்றி, அம்மணமாக நிற்கும். மரக்கைகளும் துணி உடைகளும் மக்கிப்போயின, அவ்வளவுதான். கூட்டம் குறைவு, நிதானமாகப் பார்க்க இதுவே நல்ல இடம்.

தாங் வம்சக் காலத்து (7–10-ம் நூற்றாண்டு) மூவண்ணப் பூச்சுச் சிலைகளில் முகம் மட்டும் மங்கலாக இருக்கும். பளபளப்பு தேய்ந்துவிட்டது என்பார்கள். இல்லை, ஈயம் கலந்த அந்தப் பூச்சு சூளையில் உருகி வழியும். வழிந்தால் கண்ணும் வாயும் அழிந்துவிடும். அதனால் முகத்தைப் பூசாமல் விட்டு, சுட்ட பிறகு தூரிகையால் தீட்டினார்கள். மூவண்ணம் என்றாலும் சிலவற்றில் கோபால்ட் நீலமும் உண்டு.

இந்தத் தாங் சிலைகளைப் பார்க்க ஷியானிலுள்ள ஷான்சி வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு செய்யாமலும் கிளம்ப வேண்டாம். சுடுமண் படைக்குப் போகும்போதும் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சின் ஷி ஹுவாங்கின் சமாதியருகே கிடைத்த வெண்கலத் தேர்கள் இப்போது படைக் குழிகளின் பக்கத்தில் இல்லை; அவருடைய சமாதி மேட்டருகே தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. அதற்கென்று ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.