பழ ஈயைப் படத்தில் அடையாளம் காண: இறக்கை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்

உசிலம்பட்டிப் பக்கம் பாகல் போட்டிருக்கும் பெரியப்பா போன வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார், பிஞ்சுக்காய் மேல் மஞ்சளும் பழுப்புமாக ஒரு ஈ. "இதுக்கு எந்தப் பொறிப்பா கட்டணும்?" என்று கேட்டார். பழ ஈதானே என்று மாந்தோப்பில் கட்டும், மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறியைச் சொல்லிவிட்டேன். பொறியில் ஈ நிறையவே விழுந்தது, ஆனால் காய் வளைவதும் அழுகுவதும் நிற்கவில்லை. விழுந்ததெல்லாம் பக்கத்துக் கொய்யாவில் இருந்து வந்த ஈ. பாகலைக் கெடுக்கும் ஈ அந்த வாசனைக்கு வராது, அதற்கு க்யூ லூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். இரண்டுமே ஆண் ஈயைத்தான் இழுக்கும், ஆனால் வேறு வேறு இனத்தை.

அந்தப் படத்திலேயே பதில் இருந்தது. ஈயின் முதுகில், தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள பாகத்தில், மஞ்சள் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் இன்னொன்று என மூன்று இருந்தால் அது காய்கறிக் கொடிகளின் ஈ: பாகல், பீர்க்கு, புடலை, பூசணி, வெள்ளரி எல்லாவற்றிலும் வரும் சூகோடேகஸ் குகுர்பிடே. 2015 வரை இதை பாக்ட்ரோசெரா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள், அதனால் பழைய கையேடுகளில் பாக்ட்ரோசெரா குகுர்பிடே என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. இதன் இறக்கை நுனியில் பெரிய கறை ஒன்று, உள்ளே குறுக்கு நரம்பை ஒட்டி இன்னொரு கறை. மூன்று கோடு இருந்து குறுக்கு நரம்புக் கறை மட்டும் இல்லையென்றால் அதன் உறவான டாவ் இனமாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், அதற்கும் க்யூ லூர்தான்.

நடுக்கோடு இல்லை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டுதான் என்றால் மா, கொய்யா ஈக்களின் பக்கம் வந்துவிட்டோம். நம் பக்கத்துத் தோப்புகளில் குழப்புவது மூன்று இனங்கள்: டார்சாலிஸ், சொனேட்டா, கரெக்டா. இங்கே இறக்கையின் முன் விளிம்புதான் தீர்ப்புச் சொல்லும். வேட்டிக் கரை போல விளிம்பு நெடுக அறுபடாமல் ஒரு பழுப்புக் கரை நுனிவரை ஓடினால் டார்சாலிஸ், அதன் முதுகு பெரும்பாலும் கருப்பு, வயிற்றில் ஆங்கில T எழுத்துப் போல ஒரு கருங்குறி. கரை நடுவிலேயே அறுந்து, நுனியில் தனியாக ஒரு புள்ளி மட்டும் நின்றால் சொனேட்டா அல்லது கரெக்டா. அந்த இரண்டையும் பிரிக்க முதுகு நிறத்தைப் பாருங்கள், செம்பழுப்பு என்றால் சொனேட்டா, கருப்பு என்றால் கரெக்டா. முகம் நேராகத் தெரியும் படம் கிடைத்தால் இன்னும் நல்லது: சொனேட்டாவின் முகத்தில் தனித்தனியாக இரண்டு கரும்புள்ளி, கரெக்டாவில் அவை குறுக்கே நீண்டு ஏறக்குறைய ஒன்றை ஒன்று தொடும்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறிப்போய் இருக்கும், பொறியில் செத்து நாள்பட்டதில் மஞ்சள் கோடு பழுப்பாகிவிடும், போனும் வெயிலுக்கு ஏற்ப நிறத்தை மாற்றும். எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்பதும் துப்புதான், சாட்சி இல்லை. அப்புறம், வாழைப்பழத் தோலைச் சுற்றும் பொடி ஈயையும் சிலர் பழ ஈ என்று அனுப்புகிறார்கள். அது வேறு குடும்பம், கனிந்து புளித்ததைத் தேடி வருவது. நாம் பேசும் ஈ ஏறக்குறைய வீட்டு ஈ அளவு இருக்கும், பெண் ஈயின் வயிற்று நுனியில் கூர்மையான ஊசி உண்டு, அதைக் காயில் குத்தித்தான் முட்டை வைக்கும்.

சரி, படம் எப்படி எடுப்பது? விடிகாலையில் போங்கள், குளிருக்கு ஈ மந்தமாக இருக்கும். பறந்துவிடுகிறது என்றால் பொறியில் அன்றைக்கு விழுந்ததை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்து, நிழலில், பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு எடுக்கலாம். முதுகுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, விரித்த இறக்கைக்கு ஒன்று. ஜூம் பண்ணாமல் போனை நகர்த்திக் கிட்டே கொண்டுபோங்கள், கிளிப் போல மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நரம்பு வரை தெரியும். இறக்கை விளிம்பு மங்கலாக இருக்கிற படத்துக்கு நான் இப்போதெல்லாம் "பழ ஈ" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், அதற்கு மேல் இனப்பெயர் சொன்னால் அது ஊகம்தான், ஒருவரின் ஒரு போகமே அந்த ஊகத்தில் போய்விடும்.

டார்சாலிஸுக்கு மிக நெருங்கிய உறவினங்கள் இருக்கின்றன, அவற்றைப் படத்தில் பிரிக்க முடியாது. சந்தேகம் வந்தால் நாலைந்து ஈயைச் சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, மதுரை வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டிக் கேளுங்கள். தேதி, ஊர், பயிர் மூன்றையும் பென்சிலால் துண்டுத்தாளில் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.