நான் யாரு? இருபது வரியில் எழுதிப் பார்க்கும் முறை

இதற்கு வேண்டியது ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா, ஒரு வாரத்துக்குள் நாலு தடவை அரைமணி நேரம். போனில் டைப் செய்ய வேண்டாம். அழித்து அழித்து அழகாக்கத் தோன்றும். அழித்ததுதான் பல நேரம் நமக்கு வேண்டிய வரியாக இருக்கும். நோட்டில் அடித்தால் அடித்தது அங்கேயே கிடக்கும். வீட்டில் சண்டை போட்ட ராத்திரி உட்காராதீர்கள். காலையில், சாப்பிட்ட பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

திருவண்ணாமலையில் ரமணர் கேட்கச் சொன்ன ‘நான் யார்’ வேறு. அங்கே உடம்பு நானில்லை, மனசு நானில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இங்கே ஒன்றையும் தள்ளப்போவதில்லை. எல்லாவற்றையும் எழுதி, வகை பிரித்து, எதை நாம் எடுத்துக்கொண்டோம், எதை மற்றவர்கள் நம் தலையில் வைத்தார்கள் என்று பார்க்கப்போகிறோம்.

முதல் நாள்: இருபது வரி

பக்கத்தில் 1 முதல் 20 வரை எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘நான்’ என்று எழுதிவிடுங்கள். 12 நிமிடத்துக்கு அலாரம். யாருக்கோ பதில் சொல்வதுபோல் எழுதக் கூடாது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், தோன்றிய வரிசையிலேயே எழுத வேண்டும். முக்கியமானது முதலில் என்று அடுக்க வேண்டாம். மான்ஃபோர்டு கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954-ல் வெளியிட்ட சோதனை இது. இதைவிடச் செலவில்லாத கருவி இன்னும் வரவில்லை.

ஏழெட்டு வரியில் பேனா நின்றுவிடும். பயப்பட வேண்டாம். யார் கேட்டாலும் சொல்லக்கூடிய விவரங்கள் முதலில் வந்து தீரும், தன்னைப் பற்றிய அபிப்பிராயமெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும் என்பதை அந்த இருவருமே கண்டு எழுதியிருக்கிறார்கள். நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிறகும் வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது என்ன செய்வீர்கள் என்பதிலிருந்து பிடியுங்கள். ‘நான் நேர்மையானவன், அன்பானவன்’ என்று வரிசையாக வந்தால் அது கல்யாண பயோடேட்டா. அடித்துவிட்டுத் தொடருங்கள்.

கொங்குநாட்டுக்காரர்களுக்கு அந்த முதல் பகுதி கொஞ்சம் நீளமாகவே வரும். ‘எந்த ஊருங்க? யாரு ஊட்டுப் பையனுங்க?’ என்று சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு, பதில் நாக்கு நுனியில் இருக்கும்: ஊர், தோட்டம் எந்தப் பக்கம், கூட்டம் (சாதிக்குள் குலப் பிரிவு), குலசாமி கோயில், அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊர். ஆனால் இந்தக் கேள்வி எல்லார் மேலும் ஒரே எடையில் விழுவதில்லை. ஒருத்தருக்கு அது சொந்தம் கண்டுபிடிக்கும் வழி. இன்னொருத்தருக்கு, தெருப் பேரைச் சொன்ன மாத்திரத்தில் சாதியைச் சொல்ல வைத்துவிடும் கேள்வி. அதனால் ஊரோ சாதியோ உங்கள் தாளில் வந்திருந்தால், அதைச் சொல்லும்போது குரல் நிமிர்கிறதா, தாழ்கிறதா என்று பக்கத்தில் குறியுங்கள். வராமலே போயிருந்தால் அதையும் குறியுங்கள். எப்போதும் சாதகமாகவே இருந்ததால் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கலாம். எழுதக் கை வராமலும் போயிருக்கலாம். இரண்டில் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கல்யாணமான பெண்கள் பலருக்கு இன்னொரு சிக்கல். இனிஷியல் மாறி, ஊர் மாறி, முதல் பத்து வரியும் இன்னார் சம்சாரம், இன்னார் மருமகள், இன்னார் அம்மா என்றே போகும். அதில் ஒன்றும் பொய்யில்லை, அடிக்க வேண்டியதும் இல்லை. 11-ஆம் வரியிலிருந்து மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: கல்யாணத்துக்கு முன்னால் இருந்து இன்றைக்கும் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். ‘கணக்குப் பார்த்தால் தப்பு விடமாட்டேன்’ என்பது போல ஒரு வரி வந்தால்கூட அது பெரிய பிடிமானம்.

இனி வகை பிரித்தல். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். உடம்பு, வீடு, நிலம், வண்டி, நகை என்றால் ‘பொ’, பொருள். இன்னாருக்கு இன்னார், இந்த வேலை, இந்த ஊர், இந்தக் கட்சி என்றால் ‘உ’, உறவு. குணம், திறமை, பயம், நம்பிக்கை என்றால் ‘கு’, குணம். முன்பு நடந்தது, இனி ஆகப்போவது என்றால் ‘க’, கதை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் பொருள், சமூகம், அகம் என்று மூன்றாகத்தான் பிரித்தார். காலத்தைத் தனியாக வைத்தால் வேலை சுலபம் என்பதால் இங்கே நாலு. ‘பொ’வை லேசாக எண்ணிவிடாதீர்கள். சேர்த்த சொத்து போனால் நாமே கொஞ்சம் சுருங்கிப்போன மாதிரி இருக்கும் என்று ஜேம்ஸ் எழுதியிருக்கிறார். போர் போட்டுப் போட்டுத் தண்ணி வராமல் தோட்டத்தை விற்றவர்கள், கை நிறையப் பணம் வந்தும் ஏதோ அறுந்த மாதிரி இருக்கிறார்களே, அது வெறும் பண விஷயம் இல்லை.

இருபதில் 12-க்கு மேல் ஒரே எழுத்தாக இருந்தால் நின்று கவனியுங்கள். அதிலும் ‘உ’ எல்லாம் ஒரே வேலையையோ ஒரே ஆளையோ சுற்றி இருந்தால், அங்கே அடி விழும்போது மொத்தமும் சாயும். பாட்ரீஷியா லின்வில் என்ற உளவியலாளர் 1985-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்ற பழமொழியையே தலைப்பாக்கினார். நாமக்கல்லில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே அவர் சொன்னதை ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; முகங்கள் பல இருந்து, அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தால் அதுவே பாரமாகிவிடும். அந்த மோதலைப் பிடிக்கத்தான் அடுத்த வேலை.

மூன்று நாள் போன் கணக்கு

ஒருவனை அறிந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை சமூக ‘நான்’ அவனுக்கு உண்டு என்பதும் ஜேம்ஸ் சொன்னதுதான். நம் பேச்சில் இதைக் காதாலேயே பிடிக்கலாம், ‘ங்க’ எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று பார்த்தால் போதும்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே சரக்கைப் பார்த்துக்கொள்பவராக) இருக்கும் ஒரு பையனை வைத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு பையரிடம் இங்கிலீஷில், சரக்கு வெள்ளிக்கிழமை கிளம்பிவிடும் என்கிறான். வைத்த கையோடு டையிங் யூனிட்டுக்கு: ‘ஏனுங்ணா, இன்னிக்கு வண்டி ஏத்துவீங்ளா மாட்டீங்ளா, நேராச் சொல்லிப்போடுங்க.’ அப்புறம் முதலாளி: ‘பாத்துட்டேனுங்க, ஆயிருமுங்க.’ மத்தியானம் அம்மா: ‘சாப்ட்டேன், வெய்யி.’ சாயந்திரம் கூட்டாளி: ‘டேய், இந்த வேலையே வேண்டாம்டா.’ அஞ்சு குரல், ஒரே ஆள்.

நோட்டில் அஞ்சு கட்டம் போட்டு மூன்று நாளைக்குக் குறியுங்கள். யாரிடம் பேசினேன். எப்படிக் கூப்பிட்டேன். ‘ங்க’ போட்டேனா. எதைச் சொல்லாமல் விட்டேன். வைத்த பிறகு உடம்பு எப்படி இருந்தது: தோள் இறுகியதா, மூச்சு இறங்கியதா. ஒரு நாளைக்கு ஆறு பேச்சு போதும்; எல்லாவற்றையும் எழுத முயன்றால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

இதைப் பார்த்துப் பலரும் எடுக்கும் தவறான முடிவு, முதலாளியிடம் பேசுவது வேஷம், கூட்டாளியிடம் பேசுவதுதான் நிஜம் என்பது. அப்படி இல்லை. மரியாதையாகப் பேசுவதும் நீங்கள்தான். அதைப் பழகியதும் நீங்கள்தான். குரல் மாறுவதை விட்டுவிட்டு, விஷயம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். ‘எதைச் சொல்லாமல் விட்டேன்’ என்ற கட்டத்தில் ஒரே விஷயம் நாலு பேச்சில் திரும்பத் திரும்ப வந்தால், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பையன் கணக்கில் அது ‘இந்த வேலை பிடிக்கவில்லை’. கூட்டாளி ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஆசையா, கடமையா

மூன்றாம் தடவை மூன்று பத்தி: இருக்கிற நான், ஆக ஆசைப்படும் நான், ஆகியே தீரவேண்டும் என்கிற நான். டோரி ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1987-ல் வகுத்தது. ஒவ்வொன்றிலும் அஞ்சு வரி. முதலுக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி அதிகமானால் சோர்வும் ஏமாற்றமும் வரும். முதலுக்கும் மூன்றாவதற்கும் அதிகமானால் பதற்றமும் குற்ற உணர்ச்சியும் வரும் என்பது அவர் கருத்து. ஆகவே எந்த உணர்ச்சி அதிகம் வருகிறது என்பதை வைத்தே எந்த இடைவெளி பெரிது என்று ஊகிக்கலாம்.

தவறு நடப்பது இரண்டாவது பத்தியில்தான். கடமையை ஆசை என்று எழுதிவிடுவோம். கோயமுத்தூரில் சொந்த வீடு, பையனுக்கு மெடிக்கல் சீட் என்று எழுதியிருப்போம். உண்மையில் அது பங்காளி வீட்டைப் பார்த்து வந்ததாக இருக்கும். சோதிக்க ஒரு கேள்வி: இது கிடைத்தது யாருக்குமே தெரியாது, ஒரு சொந்தக்காரரும் விசாரிக்கமாட்டார் என்றால், அப்போதும் வேண்டுமா? கை தயங்கினால் அந்த வரியை மூன்றாவது பத்திக்கு மாற்றி, பக்கத்தில் அது யார் குரலில் கேட்கிறது என்று எழுதுங்கள்: அப்பா, பெரிய மாமன், ஊர். ‘ஊர்’ என்று எழுதியவர்கள் அதற்குள் எந்த மூன்று பேர் என்று எழுத வேண்டும். பெரும்பாலும் மூன்று பேரைக்கூடச் சொல்ல முடியாது.

தேடினீர்களா, எடுத்துக்கொண்டீர்களா

உளவியலாளர் எரிக் எரிக்சன் அடையாளத் தேடலைப் பற்றிச் சொன்னதை வைத்து, ஜேம்ஸ் மார்சியா என்ற இன்னொரு உளவியலாளர் 1966-ல் இரண்டு கேள்வியாகச் சுருக்கினார். வேறு வழிகளை யோசித்துப் பார்த்தீர்களா? இப்போது ஒன்றில் உறுதியாக இருக்கிறீர்களா? இரண்டும் ஆமாம் என்றால் தேடி நிலைத்தவர். தேடல் மட்டும் என்றால் இன்னும் வழியில் இருப்பவர். உறுதி மட்டும் என்றால் தேடாமலே எடுத்துக்கொண்டவர். இரண்டும் இல்லையென்றால் மிதந்துகொண்டிருப்பவர். வேலை, சாமி, அரசியல், கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவரே வேலையில் நிலைத்திருப்பார், சாமி விஷயத்தில் மிதப்பார்.

இங்கே பெரும்பாலானோர் வேலையில் மூன்றாவது வகை. அப்பாவின் தறிக்குடோன், மாமனின் போர் போடும் ரிக் வண்டி, மஞ்சள் மண்டி என்று கேள்வி கேட்காமலே உட்கார்ந்தவர்கள். பாடப் புத்தகங்கள் இதைக் கொஞ்சம் இளப்பமாகவே பார்க்கின்றன. அந்த அளவுகோல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. தன்னைத் தனி ஆளாகப் பார்ப்பதும் உறவுகளோடு சேர்ந்தே பார்ப்பதும் இரண்டு வேறு வழிகள் என்று மார்கஸ், கிட்டயாமா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-ல் எழுதினார்கள். குடோனை விட்டுப் போக வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. இருந்துகொண்டே, ‘மறுபடி வாய்ப்பு வந்தாலும் இதையே எடுப்பேனா, எந்தப் பகுதியை மாற்றுவேன்’ என்று பின்னாலும் கேட்டுக்கொள்ளலாம். தறியை வைத்துக்கொண்டு ஜவுளி விற்பனையை ஆன்லைனுக்குக் கொண்டுபோவது மாதிரியான பதில்கள் அங்கேயிருந்துதான் வருகின்றன.

மற்றவர்களைக் கேட்பது

நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த பகுதி ஒன்று உண்டு. உளவியலாளர்கள் ஜோசப் லுஃப்டும் ஹாரி இங்காமும் 1955-ல் வரைந்த நாலு கட்டப் படத்தில் அது ஒரு கட்டம். அவர்கள் முறையில் குணப் பட்டியலைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நம் ஊரில் அது சரிவராது. முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்லமாட்டார்கள், ‘உங்களுக்கென்னங்க, தங்கமானவரு’ என்று முடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: ‘எந்த வேலைய என்னைய நம்பிக் குடுப்பீங்க, எதைக் குடுக்கமாட்டீங்க?’ இரண்டாவது பாதிக்குப் பதில் வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார்.

நாலு பேர் போதும்: சொந்தத்தில் ஒருவர், வேலை இடத்தில் ஒருவர், பழைய கூட்டாளி ஒருவர், உங்களைவிட வயசில் சின்னவர் ஒருவர். கடன் கொடுக்கல் வாங்கல் இருப்பவரைக் கேட்காதீர்கள். ஒருத்தர் சொன்னது அவர் அபிப்பிராயம்; இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால் இருபது வரியோடு 21-ஆக எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

வரி வரியாகத் தன்னைத் திட்டுவதாகவே வருகிறது, இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நோட்டை மூடிவிடுங்கள். அப்போது எழுதினால் நோய் எழுதும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், காசில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேச வேண்டும்.

மற்றபடி நோட்டை வீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள். காட்டப்போகிறோம் என்று தெரிந்தாலே அடுத்த தடவை எழுத்து மாறிவிடும். ஆறு மாசம் கழித்து, அல்லது வேலை, கல்யாணம், நிலம் ஏதாவது மாறும்போது, பழைய பக்கத்தைப் பார்க்காமல் புதிதாக இருபது வரி எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வந்ததற்கு வட்டம் போடுங்கள். முதல் ஏழெட்டு வரியில் வட்டம் விழுவது சாதாரணம். 12-ஆம் வரிக்குப் பிறகு எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள், புதிதாக ஒரு முடிவு எடுக்கும்போது அந்த வரிகளை முதலில் கேளுங்கள்.