பக்கவாதத்துக்குப் பின் மினோசைக்ளின்: எப்போது, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

மினோசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பத்து ஆன்டிபயாடிக். முகப்பருவுக்குப் பல்லாண்டுகளாக எழுதப்படும் அதே மாத்திரைதான். கொழுப்பில் எளிதில் கரைவதால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து உள்ளே போகும். அங்கே இதன் வேலை கிருமியோடு இல்லை. ரத்த ஓட்டம் தடைப்பட்ட இடத்தைச் சுற்றி மைக்ரோகிளியா எனும் மூளையின் நோயெதிர்ப்பு செல்கள் கிளர்ந்து அழற்சியைக் கூட்டும், எம்.எம்.பி.-9 என்ற நொதி ரத்தக் குழாய்ச் சுவரை அரித்து வீக்கத்துக்கும் கசிவுக்கும் வழிவிடும். மினோசைக்ளின் இரண்டையும் அடக்குகிறது. செல்கள் தாமே மடியும் பாதையையும் ஓரளவு தடுக்கிறது.

மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. 2007-ல் வெளியான 152 பேர் கொண்ட ஆய்வில், மருந்து பெற்றவர்கள் 90-ஆம் நாளில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது சிகிச்சை தந்தவர்களுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு அது. 2013-ல் 95 பேரிடம் ஊசி வழியாகக் கொடுத்துப் பார்த்ததில் பலன் தென்படவில்லை. பிறகு சீனாவில் 1,700-க்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில், 90-ஆம் நாளில் ஏறக்குறைய முழுமையாகத் தேறியவர்கள் மருந்துக் குழுவில் சுமார் 53 சதவீதம், மற்றதில் 47. லாபம் உண்டு, ஆனால் சிறியது. ஆகவே நரம்பியல் மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய துணை மருந்து இது. வீட்டு அலமாரியில் கிடக்கும் பரு மாத்திரையை ஆம்புலன்ஸ் வருவதற்குள் வாயில் போடுவது கூடவே கூடாது.

முதலில் ஸ்கேன், பிறகுதான் இது

பெரிய ரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழியும் என்பது கணக்கு. அந்த இழப்பை நிறுத்துவது அடைப்பை நீக்கும் சிகிச்சை மட்டுமே: நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, தகுதியுள்ளவர்களுக்கு 24 மணி நேரம் வரை குழாய் செலுத்திக் கட்டியை எடுப்பது. மினோசைக்ளினுக்காக இவற்றில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அடைப்பா, ரத்தக் கசிவா என்று சி.டி. ஸ்கேன் சொன்ன பிறகே மருந்துச் சீட்டில் இதன் பெயர் வரலாம். கசிவில் இதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கட்டி கரைக்கும் ஊசி போட்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது மட்டும் தடையாகாது.

அளவு

சீனாவில் நடந்த பெரிய ஆய்வின் முறை: முதல் வேளை 200 மில்லிகிராம், பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம், மொத்தம் நான்கைந்து நாள். 2007 ஆய்வில் தினம் 200 மில்லிகிராம் ஐந்து நாள். தொடங்கியது 6 முதல் 24 மணி நேரத்துக்குள். முதல் வேளையை இரட்டிப்பாக்கக் காரணம் உண்டு: மருந்து உடலில் பாதியாகக் குறையவே சுமார் 16 மணி நேரம் ஆகும், அதனால் 100-ல் தொடங்கினால் ரத்தத்தில் போதிய அளவு சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அழற்சி ஏறுவதும் அதே நாட்களில்தான்.

கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், டெட்ராசைக்ளின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வேண்டாம். கல்லீரல் பாதிப்பு இருந்தால் மருத்துவர் தனியாக யோசிக்க வேண்டும்.

விழுங்க வைப்பதில்தான் பாதி வேலை

மாத்திரை சரியாக இருந்தும் கொடுத்த விதத்தால் கெட்டுப்போவதுதான் வார்டில் அடிக்கடி நடப்பது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர் வீதம் மூன்று முறை கொடுத்துப் பாருங்கள். இருமினாலோ, பேச்சில் கரகரவென்று ஈரம் கலந்தாலோ, உதட்டோரம் வழிந்தாலோ வாய் வழி நிறுத்தம். மூக்கு வழிக் குழாய்தான்.

விழுங்க முடிந்தவருக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரமாவது சாயாமல் உட்காரவையுங்கள். கேப்சூல் உணவுக் குழாயில் ஒட்டி நின்றால் அங்கேயே புண்ணாக்கும். படுத்த படுக்கையில் இரண்டு மடக்குத் தண்ணீரோடு தள்ளிவிடுவது இந்த மருந்தில் ஆபத்து.

குழாய் வழியென்றால் மருந்துக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. ஒரு நாளைக்குரிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்ந்தால் உடலில் ஏறும் மருந்து முக்கால் பங்கு வரை குறையும். பாலோடு கால் பங்கு. கால்சியம், துத்தநாகம், அமில எதிர்ப்பு சிரப் எல்லாமே இப்படித்தான். இவற்றுக்கும் மினோசைக்ளினுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். குழாயில் ஊற்றும் ஊட்டச்சத்துப் பானங்களிலும் கால்சியம் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எதைக் கண்டு உஷாராக வேண்டும்

தலைச்சுற்றல்தான் பெரிய தொல்லை. மினோசைக்ளின் காதின் சமநிலை உறுப்பைப் பாதித்து முதல் சில நாளிலேயே கிறுகிறுப்பு, குமட்டல், தள்ளாட்டம் தரும், பெண்களிடம் கூடுதல். சிறுமூளைப் பக்கவாதத்தின் அறிகுறிகளும் இவையே. ‘மருந்தால்தான்’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். புதிதாகத் தள்ளாட்டமோ, இரட்டைப் பார்வையோ, நாக்குழறலோ வந்தால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். மருந்தால் வந்ததென்றால் நிறுத்திய ஓரிரு நாளில் அடங்கும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் நேரம் நீளலாம், அந்த நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனையை முன்கூட்டியே செய்யுங்கள். விடாத தலைவலியும் பார்வை மங்கலும் மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டலாம். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம், இரண்டையும் சேர்க்கக் கூடாது.

வேறு ஆன்டிபயாடிக்கை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். செஃப்ட்ரியாக்சோனைத் தொற்று வராமல் தடுக்க நாலு நாள் போட்டுப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில் 2,500-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள்; சிறுநீர்த் தொற்று குறைந்தது, மூன்று மாதம் கழித்த நிலைமை மாறவில்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு செஃபிபிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் குழப்பத்தையும் வலிப்பையும்கூட வரவழைக்கும்.

ஐந்து நாளுக்கு மேல் நீட்டுவதால் மூளைக்குப் பலன் உண்டென்று எந்த ஆய்வும் காட்டவில்லை. நீளமாக எடுத்தால் தோல் கருமை, கல்லீரல் அழற்சி, கிருமிகளின் எதிர்ப்புத் திறன் ஆகியவைதான் மிச்சம். அதனால் தொடங்கும் அன்றே நிறுத்தும் தேதியை மருந்து அட்டையில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஆஸ்பிரினோடும் ஸ்டாட்டினோடும் சேர்ந்து இதுவும் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறி, மாதக்கணக்கில் வீட்டிலும் ஓடும்.