போர்க்களக் கருவிக்கு பிளாக்செயின்: சாவியில் கோட்டை விடாதீர்கள்

போன மாதம் இரண்டு இளம் பொறியாளர்கள் ஒரு வடிவமைப்போடு வந்தார்கள். வேலியோரக் கண்காணிப்பு சென்சார்கள், நடுவில் அவற்றின் செய்திகளை வாங்கி அனுப்பும் கேட்வே, பின்னால் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் (அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் பிளாக்செயின், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் அழிக்க முடியாத பதிவேடு). "ஒவ்வொரு சென்சாரின் சாவியும், அதாவது செய்தியில் கையொப்பமிடும் ரகசிய எண்ணும், எங்கே உருவாகிறது?" என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி விழித்தவன்தான். இப்படிப்பட்ட வடிவமைப்பில் வரும் தவறுகளை இங்கே சொல்கிறேன்; பாஸ்வேர்டை மாற்றுவது போன்ற தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

நாற்பது கருவி, ஒரே சாவி

எங்கள் சோதனைக்கு 40 போர்டுகள். முதல் போர்டை ஓடவிட்டுச் சரிபார்த்தேன். அப்படி முதல்முறை இயங்கத் தொடங்கியபோதே தனிச்சாவி (ரகசியச் சாவி) உருவாகி ஃபிளாஷ் நினைவகத்தில் உட்கார்ந்துவிட்டது. அதே போர்டிலிருந்து இமேஜ் (நினைவகத்தின் முழு நகல்) எடுத்து மீதி 39-க்கும் ஏற்றினோம். பெட்டிகளின் மேல் மார்க்கரால் 1 முதல் 40 வரை எண் போட்டோம். எண்தான் வேறு, சாவி ஒன்றே. பதிவு செய்யும்போது ஒரே பொதுச்சாவி (கையொப்பத்தைச் சரிபார்க்க வெளியே தரும் ஜோடிச் சாவி) திரும்பத் திரும்ப வருகிறதே என்று யாரும் பார்க்கவில்லை.

மூன்று வாரம் எல்லாக் கையொப்பமும் சரியாகவே இருந்தது. ஒருநாள் 17-ஆம் பெட்டி என் மேசையில் திறந்து கிடக்கிறது, பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது. திரையிலோ 17-இடமிருந்து செய்தி வருகிறது! வேறொரு போர்டின் அமைப்பில் யாரோ 17 என்று தவறாக எண் போட்டிருக்கிறார்கள். சாவி ஒன்றே என்பதால் செயின் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. எந்தச் செய்தி எந்தக் கருவியுடையது என்று சொல்ல வழியில்லாமல், மூன்று வாரத் தரவையும் ஒதுக்கினோம். அழிக்க முடியாத பதிவேட்டில் பொய் ஏறினால் அந்தப் பொய்யையும் அழிக்க முடியாது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. எதிரி கையில் ஒரு பெட்டி சிக்கியிருந்தால் நாற்பதும் அவனுடையதாகியிருக்கும்.

போர்டு முதல்முறை இயங்கும் முன்பே இமேஜை எடுத்துவிடுங்கள். அது மட்டும் போதாது. இயங்கத் தொடங்கிய உடனே, சாவிக்கு வேண்டிய ரேண்டம் (யூகிக்க முடியாத) எண்ணுக்குப் போதிய மூலம் இல்லாததால், ரவுட்டர் போன்ற கருவிகள் பல ஒரே சாவியை உருவாக்கியதை 2012-இல் ஓர் இணைய ஆய்வு காட்டியது. அதனால் சாவி, ரகசியங்களைப் பூட்டி வைக்கும் செக்யூர் எலிமெண்ட் சில்லுக்குள்ளேயே உருவாகட்டும், வெளியே வரவே கூடாது. ஏற்கெனவே பதிவான பொதுச்சாவி மறுபடி வந்தால் பதிவை மறுத்துவிடுங்கள்.

பொதுச் செயின்

வேண்டாம். யாரும் சேரக்கூடிய பிட்காயினில், பதிவுகளின் ஒரு தொகுப்பு (பிளாக்) ஏறச் சராசரி 10 நிமிடம்; கண்காணிப்புச் செய்தி அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது.

எல்லாவற்றையும் செயினில் ஏற்றுவது

சென்சார்களுக்கான தொலைதூர ரேடியோ முறையான லோராவானின் மிக மெதுவான வேகத்தில், இந்திய, ஐரோப்பிய அலைவரிசைகளில், ஒரு பாக்கெட்டுக்கு 51 பைட்தான். ஈடி25519 என்ற முறையில் டிஜிட்டல் கையொப்பம் மட்டுமே 64 பைட். சென்சார் கேட்வேக்குக் குறுகிய மேக் குறியீட்டோடு (செய்தி மாற்றப்படவில்லை என்று காட்டுவது) அனுப்பட்டும். கேட்வே தொகுப்பாகக் கையொப்பமிட்டு ஹாஷை (தரவின் சுருக்கக் கைரேகையை) மட்டும் செயினில் ஏற்றட்டும்.

ராஃப்டை நம்புவது

பதிவேட்டை வைத்திருக்கும் கணினிகள் (நோட்) ஒத்துப்போக உதவும் ஒரு முறைதான் ராஃப்ட். நோட் செத்தால் ராஃப்ட் தாங்கும், நோட் பொய் சொன்னால் தாங்காது. ஒன்று எதிரியிடம் போகலாம் என்றால், பொய் சொல்லும் நோட்டையும் தாங்கும் பிஎஃப்டி முறையில் குறைந்தது 4 நோட் வேண்டும், இரண்டு என்றால் 7.

பிடிபட்ட கருவி

கருவியின் சான்றிதழை (அதன் சாவியை நம்பலாம் என்ற டிஜிட்டல் ஒப்புதலை) ரத்து செய்துவிட்டோம், சரி. தலைமையகத்தோடு தொடர்பு அறுந்த கேட்வேக்கு அது எப்படித் தெரியும்? பழைய ரத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு தொடர்ந்து அனுமதிக்கும். சான்றிதழின் ஆயுளைச் சில நாட்களாகச் சுருக்குங்கள். அப்புறம், கேட்வேயின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு சென்சாரை ரத்து செய்து, அதன் செய்தி எப்போது நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த இரு இளம் பொறியாளர்களும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.