விவரம் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறர் எழுதும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. எழுத்துப்பிழை, கமா பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை, அதைக் கணினியே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். அது கோடு போடாத சில தவறுகள் இருக்கின்றன. நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்தவைதான், புதிதாக எழுத வருகிறவர்களும் அச்சு மாறாமல் அதையே செய்கிறார்கள்.

கேள்வியே இல்லாத கடிதம்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பக்கம் முழுக்க எழுதியிருப்பார்கள். முதல் பத்தியில் பெயர், படிப்பு, அனுபவம். இரண்டாவதில் அந்த நிறுவனத்தின் பெருமை, அதை அவர்களிடமே எடுத்துச் சொல்வது. கடைசியில் ஒரே ஒரு வரி: 'ப்ளீஸ் சென்ட் மீ ஆல் த டீடெய்ல்ஸ்.' அவ்வளவுதான். எந்த விவரம், எதற்காக, எப்போதைக்கு? ஒன்றும் கிடையாது.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? எல்லா விவரமும் வேண்டும் என்று கேட்பவருக்குக் கொடுக்க அவரிடம் தயாராக இருப்பது விளம்பரக் கையேடு ஒன்றுதான். அதை இணைத்து அனுப்பிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். அவர் மேல் தப்பே இல்லை.

வேலையில் இருந்துகொண்டே கணக்கியல் படிக்க நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: வார இறுதியில் வகுப்பு உண்டா, இல்லையா. அதைத் தவிர மற்றதெல்லாம் கடிதத்தில் இருந்தது. கையேடு வந்தது, அதில் பதில் இல்லை. மறுபடி எழுதினார், இந்த முறை 'மோர் டீடெய்ல்ஸ்' கேட்டு. அதே கையேடு இன்னொரு தடவை வந்தது. பிறகுதான் கேள்வியை நேராக எழுதினார், அன்றைக்கே ஒரு வரியில் பதில் வந்துவிட்டது: வகுப்பு உண்டு, ஆனால் சேர்க்கை முடிந்துவிட்டது. முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றேன். 'எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதையாக இருக்காதே' என்றார். இந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் வேர். மரியாதை கேட்கிற விதத்தில் இருந்தால் போதும், கேள்வியை மூன்று பத்திக்குப் பின்னால் ஒளித்து வைப்பதால் படிப்பவருக்குச் சலிப்புதான் மிச்சம்.

முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுங்கள்: 'ஐ ஆம் ரைட்டிங் டு என்கொயர் அபௌட் யுவர் வீக்கெண்ட் கிளாசஸ் இன் அக்கவுண்டிங்.' அடுத்து உங்களைப் பற்றி ஓரிரு வரி, அதுவும் பதில் சொல்ல அவருக்குத் தேவைப்படுகிற அளவுக்கு மட்டும். அப்புறம் கேள்விகள். ஒன்றுக்கு மேல் இருந்தால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். எண் போட்டால் ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதி அனுப்புவது அவருக்கும் சுலபம். ஒரே பத்தியில் திணித்தால் கடைசிக் கேள்வி கண்ணில் படாமலே போகும். அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்காதீர்கள். கட்டணம் அங்கே போட்டிருக்கிறது, தேர்வுக் கட்டணமும் அதில் அடக்கமா என்பது மட்டும் தெரியவில்லை என்றால், அப்படியே சொல்லிக் கேளுங்கள். படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிந்தாலே பதிலில் ஒரு அக்கறை வரும்.

மின்னஞ்சல் என்றால் பொருள் வரியில் வெறும் 'என்கொயரி' என்று போடாதீர்கள். எதைப் பற்றி என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

அளவுக்கு மீறிய கும்பிடு

'ரெஸ்பெக்டட் சார்', 'யுவர் எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்', ஒரே வாக்கியத்தில் 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' இரண்டும். இவ்வளவு குனிய வேண்டாம். இன்னொரு கோடியில் 'ஐ வாண்ட் டு நோ' என்று அதட்டுகிறவர்களும், 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு' என்று ஏதோ அறிவிப்புப் பலகை எழுதுவது போல எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் டெல் மீ' என்று ஒரு முறை போட்டால் போதும். அடுத்த கேள்விக்கு 'குட் யூ ஆல்ஸோ' என்று சாதாரணமாகப் போய்விடலாம்.

கேள்விக்குள் கேள்வி

'குட் யூ டெல் மீ வாட் இஸ் த ஃபீ?' நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களே இதில் சறுக்குகிறார்கள். 'குட் யூ டெல் மீ' வந்துவிட்டால் பின்னால் வருவது சாதாரண வாக்கிய வரிசைக்கு மாற வேண்டும்: 'வாட் த ஃபீ இஸ்.' ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் 'வெதர்' போடுங்கள்: 'குட் யூ டெல் மீ வெதர் த ஃபீ இன்க்ளூட்ஸ் த எக்ஸாம்?' அங்கே 'டஸ்' கூடாது.

'ப்ளீஸ் டு த நீட்ஃபுல்'

வேண்டாம்.

தொடக்கமும் முடிவும்

பெயர் தெரியாமல் 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி', பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்களுக்கு எழுதும்போது 'சின்சியர்லி' போதும். எப்படி எழுதினாலும் 'யுவர்ஸ்' என்பதில் அப்பாஸ்ட்ரஃபி கிடையாது, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

தேதி

மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்பது பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

எப்போது வேண்டும் என்று சொல்லாமல் விடுவது

'அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்தத் தேதியையும் அது சொல்வதில்லை. உங்களுக்குக் கெடு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்: 'ஐ நீட் டு டிசைட் பை 20 ஜூன்.' அதற்குக் கீழே வழக்கமான 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. அது 'டு ஹியர்' இல்லை. ஒரு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் புதுக் கடிதம் எழுதாமல், அனுப்பிய மின்னஞ்சலுக்கு மேலேயே இரண்டு வரி சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.