செட்டிநாட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், கையெழுத்துக்கு முன்

செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டில் பங்கு வைத்துக்கொண்டு, வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களுக்கு இது. முதலில் வழி. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால், காரைக்குடிக்குப் போகிறவர்கள் திருச்சி ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக வந்தாலும் அதே நேரம்தான். சென்னையில் இறங்கினால் எழும்பூரிலிருந்து பிற்பகலில் பல்லவன் ரயில் இருக்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அதைப் பதிய வேண்டும். ஊரில் பலருக்கு இது தெரியாது. நீங்களே உட்கார்ந்து பதிந்து கொடுங்கள்.

இதற்குமேல் வழியில் சிரமம் கிடையாது. சிரமமெல்லாம் வீட்டுக்குள் போன பிறகு.

ஐயா (அப்பாவின் அப்பா) காலத்து வீடு இன்றைக்குப் பல பங்காளிகளுக்குப் பொதுவாக நிற்கும். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் மட்டும் இன்னாருக்கு இன்னது என்று பிரிந்திருக்கும்; முகப்பு, பட்டாலை, கிணறு எல்லாம் பொது. வெளியூரில் இருப்பவர் வந்து இறங்கியதும் முதல் இரண்டு நாள் விருந்து. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, இலை எடுத்த பிறகு பேச்சு வரும்: "வந்தது வந்துட்டீக, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிருங்க." அப்போது போடாதீர்கள். கேட்பவர் உங்கள் ஆத்தா வயதுள்ள ஆச்சியாக இருந்தாலும் போடாதீர்கள்.

நீட்டுகிற தாள் எது என்று முதலில் பாருங்கள். விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். பதிவான பின் மனம் மாறினால் சிவில் கோர்ட்டுதான். பவர் பத்திரம், அதாவது உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் தாள் என்றால், விற்கும் அதிகாரம் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள். "பட்டாவுக்காகத்தான்" என்று வாயால் சொல்லப்படும். எழுத்தில் விற்க, அடமானம் வைக்க, விடுதலை எழுதவும் சேர்ந்திருக்கும். பட்டா மாற்றவும் வரி கட்டவும் மட்டும் தனிப் பவர் எழுதச் சொல்லுங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக ஒரு வரி இருக்கட்டும். எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் கூடாது. பத்திர எழுத்தரிடம் நகல் வாங்கி, இரவு வைத்துப் படித்து, மறுநாள் பதில் சொன்னால் யாரும் கோபிக்க நியாயமில்லை. கோபித்தால் அந்தத் தாளை இன்னொரு முறை படியுங்கள்.

இந்த அவசரத்தில் மாட்டாமலிருக்க, காகித வேலையை ஊருக்குக் கிளம்பும் முன்பே தொடங்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். 1975க்கு முந்தைய காலத்துக்குப் பெரும்பாலும் பத்திர ஆபீஸில் கையால் தேட விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அடுத்து பட்டா. ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகள் பல நத்தம், அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் உள்ளவை. நத்தம் கணக்கு எடுத்தபோது வீட்டில் இருந்தவர் பெயரில் பட்டா வந்திருக்கலாம். உங்கள் பெயர் அதில் இல்லாததால் பங்கு போய்விடாது, பட்டா வேறு, உரிமை வேறு. "பட்டா என் பேர்ல இருக்கு" என்று ஒருவர் சொன்னதை நம்பி விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எந்தத் தாலுகா ஆபீஸ் என்பதிலும் கவனம் வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை சிவகங்கையில். கடியாபட்டி, ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் தாலுகா. காரைக்குடியில் தங்கியிருப்பதால் காரைக்குடி ஆபீஸுக்கே போய் ஒரு நாளை வீணாக்குகிறவர்கள் அதிகம்.

அதிகமாக இழுப்பது வாரிசுச் சான்றிதழ். விண்ணப்பம் இ-சேவை மையத்தில், கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) வருவாய் ஆய்வாளரும் (ஆர்.ஐ.) விசாரித்துத் தாசில்தார் தருவார். இது தடைபட்டு நிற்கும் இடம் பெயர். ஊரில் உங்கள் அப்பச்சியை (அப்பாவை) விலாசத்தோடு, அதாவது நாலைந்து தலைப்பெழுத்துகள் முன்னால் போட்டு எழுதியிருப்பார்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் குடும்பப் பெயராகி, எழுத்துகள் எல்லாம் உதிர்ந்திருக்கும். இறப்புச் சான்றிதழில் மூன்றாவது வடிவம். மூன்றும் ஒருவரே என்று நிறுவ பழைய பத்திரம், அவர் பாஸ்போர்ட், உங்கள் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலையும் நகலையும் கொண்டுபோங்கள். அவர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ காலமானவர் என்றால் இறப்புச் சான்றிதழை அங்கேயே வாங்கி, சான்றொப்பமும் அங்கேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

சுவீகாரம் (தத்து) போனவர், வந்தவர் யார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுவீகாரப் பத்திரம் இல்லாமல் வாய்ச்சொல்லில் நிற்கும் உறவுதான் விசாரணையில் தடுக்கும். கட்டிக்கொடுத்த பெண்களையும் விடக்கூடாது. இந்து வாரிசுச் சட்டப்படி இறந்தவரின் மகள், மகனுக்குச் சமமான வாரிசு. அக்கா கையெழுத்து இல்லாமல் எழுதிய பத்திரம் பின்னால் வழக்காகத் திரும்பி வரும்.

வெளிநாட்டில் இருந்தபடியே பவர் கொடுக்கலாம் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். உறவினர் வீட்டு அலமாரியில் ஆறு மாதம் தூங்கிய பவர் பயன்படாது. ஓ.சி.ஐ. அட்டைக்காரர், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர், விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்குத்தான் பெரும்பாலோரைக் கவிழ்க்கிறது. பள்ளி விடுமுறைக்காக டிசம்பர் நடுவில் வருகிறவர்கள் மார்கழியில் வந்து நிற்கிறார்கள். பத்திர ஆபீஸ் காலியாக இருக்கும். ஆனால் பங்காளிகள் மார்கழியில் பத்திரம் எழுதச் சம்மதிக்க மாட்டார்கள். தை பிறந்தால் பொங்கல் விடுமுறை, அதன்பின் முகூர்த்த நாளுக்கு டோக்கன் நெரிசல். அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். கையெழுத்து வேலை உண்டென்றால் தை பிற்பாதியிலோ மாசியிலோ, மூன்று வாரம் ஒதுக்கி வாருங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீடுகளின் நிலைகளும் தூண்களும் படங்களும் விற்பனைக்கு நிற்கும். பார்க்க மனது பிசையும், வாங்கத் தோன்றும். 100 ஆண்டு கடந்த கலைப்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகச் சட்டம் விடாது. உங்கள் வீட்டிலிருந்தே எடுத்த பழைய விக்கிரகமானாலும் அப்படித்தான்.

கடைசியாக, வீட்டில் விளக்கேற்றிக்கொண்டு இருப்பவரின் கணக்கைக் கேளுங்கள். கரையான் மருந்து, வீட்டு வரி, கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் புள்ளி வரி, ஓடு மாற்றிய கூலி எல்லாம் நாம் இல்லாத ஆண்டுகளில் அவர் கையிலிருந்து போனவை. கையெழுத்துக் கேட்கிறவரும் பல நேரம் அவரேதான். பத்திரத்தைத் தள்ளிவைக்கலாம், இதைத் தள்ளிவைக்கக் கூடாது. உங்கள் பங்குக்கு வருவதைக் கணக்குப் பார்த்து, இன்ன செலவுக்கு என்று குறித்து வங்கி வழியாக அனுப்புங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும், ஆகவே ஆவணியிலேயே பணம் போய்ச் சேரட்டும்.